மார்த்தினிக் போன முத்துசாமி, புரூக்ளினிலிருந்து வந்த உறை: பதிவேடுகளில் தேடலை எங்கே தொடங்குவது?

பழையநகரத்தான் (கடலூர் ஓ.டி.)

கொள்ளுத்தாத்தாவின் தம்பி கிளையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

அவர் பெயர் முத்துசாமி. 1874-க்கும் 1878-க்கும் நடுவில் புதுச்சேரியில் கப்பலேறி, கரீபியனிலுள்ள பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்குக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார் என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அப்போது வயது இருபதை ஒட்டி. திரும்பி வரவில்லை.

எழுத்தில் இருப்பவை இரண்டு. ஒன்று, 1903-இல் கடலூரில் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம். அதில் "சீமைக்குப் போய் விலாசம் தெரியாத முத்துசாமி" என்று ஒரு வரி வருகிறது. இரண்டு, 1926 முத்திரை விழுந்த ஓர் அஞ்சல் உறை. உள்ளே கடிதம் இல்லை. அனுப்பியவர் முகவரி நியூயார்க் புரூக்ளினில் ஒரு தெரு, கதவு எண்ணோடு. குடும்பப் பெயர் எம்-ஓ-யு-டி-ஓ-யு-எஸ்-எஸ்-ஏ-எம்-ஒய் (MOUTOUSSAMY). முன்பெயர் முதலெழுத்து மட்டும்.

கடலூர் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஊர். இங்கிருந்து ஒருவர் பிரெஞ்சுக்காரர் கப்பலில் போயிருக்க முடியுமா? போயிருந்தால் எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கும்? மார்த்தினிக்கிலிருந்து அமெரிக்கா போன தலைமுறையை எப்படிப் பிடிப்பது? இணையத்தில் முத்துசாமி என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழுகிறது. எதையும் இவர்தான் என்று சொல்ல முடியவில்லை. பணம் கட்டும் தளங்களுக்குப் போகாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்றும் சொல்லுங்கள்.

கெடிலக்கரை

ஐயா, கப்பலை விட்டுவிடுங்கள். உறையிலிருந்து தொடங்குங்கள். 1853 முதல் 1880களின் நடுப்பகுதி வரை மார்த்தினிக்கில் இறங்கிய இந்தியர் சுமார் 25,000 பேர். அதில் முத்துசாமி என்ற பெயர் எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1926-இல் புரூக்ளினில் அந்தத் தெருவில் அந்தக் கதவு எண்ணில் இருந்த குடும்பமோ ஒன்றுதான். தெரிந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போனால் ஒவ்வொரு படியிலும் ஒரே ஆள்தான் இருப்பார். முன்னோக்கிப் போனால் ஒவ்வொரு படியிலும் ஆள் பெருகிக்கொண்டே போவார்.

முதல் வேலை 1925 நியூயார்க் மாநிலக் கணக்கெடுப்பு. அமெரிக்க நடுவண் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை, 1920, 1930 என்று வரும். நியூயார்க் மாநிலம் அதற்கு இடையில் தனியாக எடுத்து வந்தது. 1925 ஜூன் 1 நிலவரப்படி எடுத்ததுதான் அதில் கடைசி. உங்கள் உறைக்கு ஒரே ஆண்டு வித்தியாசம், ஆகவே அதே முகவரியில் இருக்க நல்ல வாய்ப்பு. அதில் வயது, பிறந்த நாடு, அமெரிக்கா வந்து எத்தனை ஆண்டு, குடியுரிமை உண்டா இல்லையா, வேலை எல்லாம் இருக்கும். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு போதும். புரூக்ளின் என்பது கிங்ஸ் கவுண்டி. அந்தப் பெயரில்தான் தேட வேண்டும்.

பெயரை அடித்து எதுவும் வராவிட்டால் பதற வேண்டாம். இந்தப் பெயருக்கு அதுதான் நடக்கும், காரணம் இருக்கிறது. அமெரிக்கக் குறிப்பேடுகளில் சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை உண்டு. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, மெய்களுக்கு எண் கொடுப்பார்கள். உங்கள் உறையிலுள்ள எழுத்துக்கோவைக்கு எம்-325 வரும். கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி மொட்டோசாமி, மட்டூசாமி என்று எழுதியிருந்தாலும் அதே எம்-325 தான். அதுவரை நல்லது. ஆனால் கையெழுத்தில் ஆங்கில 'யு'வும் 'என்'னும் ஒன்றுபோல இருக்கும். எழுத்தைப் பெயர்த்தவர் மூன்றாவது எழுத்தை 'என்' என்று படித்து மொண்டூசாமி ஆக்கிவிட்டால் எண் எம்-532 ஆகிவிடும். தேடல் அந்தப் பக்கமே போகாது. ஆகவே இரண்டு வடிவத்திலும் தேடுங்கள். நட்சத்திரக்குறியையும் பயன்படுத்தலாம்: எம், பிறகு நட்சத்திரம், டி, நட்சத்திரம், எஸ், நட்சத்திரம், எம், நட்சத்திரம். அந்த நான்கு எழுத்தும் சரியாக இருந்தால் நடுவே எது தப்பாகியிருந்தாலும் பிடித்துக் கொடுக்கும்.

அதிலும் கிடைக்காவிட்டால் பெயரை மறந்துவிட்டு முகவரியால் போங்கள். ஸ்டீவ் மோர்ஸ் நடத்தும் ஒன்-ஸ்டெப் தளத்தில் தெருப்பெயரைக் கொடுத்தால் நடுவண் கணக்கெடுப்புகளுக்கு அந்தத் தெரு எந்த எண்ணிக்கை வட்டத்தில் வருகிறது என்று சொல்லிவிடும். பிறகு அந்த வட்டத்தின் பக்கங்களைப் புரட்டிக் கதவு எண்ணைப் பார்க்க வேண்டியதுதான். இடது ஓரத்தில் தெருப்பெயர் நெடுக்குவாக்கில் எழுதியிருக்கும். ஒரு வட்டம் பெரும்பாலும் சில பத்துப் பக்கங்கள்தான், ஒரு மாலை வேலை. 1930, 1940, 1950 மூன்றுக்கும் இதைச் செய்யுங்கள். 1950 கணக்கெடுப்பு 2022 ஏப்ரல் 1-இல் வெளியானது. 72 ஆண்டு கழித்துத்தான் பெயரோடு வெளியிடுவார்கள் என்பதால் 1960-க்கு 2032 வரை காத்திருக்க வேண்டும். 1940-இல் ஒரு தனிச் சிறப்பு: 1935 ஏப்ரல் 1-இல் எங்கே இருந்தீர்கள் என்று ஒரு கேள்வி. குடும்பம் நியூயார்க்கை விட்டு வேறு மாநிலம் போயிருந்தால் அங்கே தெரிந்துவிடும். பதில் சொன்னவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கும். சொன்னவர் மனைவியா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதைப் பொறுத்து வயதை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்யலாம்.

இன வடிகட்டியைக் கண்டிப்பாகப் போடாதீர்கள். 1920, 1930, 1940 கணக்கெடுப்புகளில் இந்திய வம்சத்தவரை 'இந்து' என்று இனமாகவே குறிக்க ஏற்பாடு இருந்தது, எந்த மதமாக இருந்தாலும். ஆனால் மார்த்தினிக்கில் பிறந்து பிரெஞ்சு பேசுகிற, தமிழ் முகமுள்ள ஒருவரை வாசலில் நின்று பார்த்த கணக்கெடுப்பாளர் நீக்ரோ என்றோ வெள்ளையர் என்றோ வேறு ஏதாவதோ எழுதியிருக்கலாம். ஒரே ஆள் மூன்று கணக்கெடுப்பில் மூன்று விதமாக இருப்பது அந்தக் காலத்தில் அரிதில்லை.

அடுத்தது வந்திறங்கிய கப்பல் பட்டியல். வந்து எத்தனை ஆண்டு என்பது 1925 கணக்கெடுப்பில் தெரிந்துவிட்டால் இரண்டு மூன்று ஆண்டு முன்பின் வைத்துத் தேடுங்கள். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளை இறக்கிச் சரிபார்த்த எல்லிஸ் தீவில் 1892 முதல் 1954 வரை வந்தவர்கள் பட்டியல் இலவசமாகவே பார்க்கலாம். 1907-க்குப் பிந்தைய பட்டியல் என்றால் இரண்டு பக்கம் அகலம். இடப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. புறப்பட்ட ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினர் பெயரும் முகவரியும், அமெரிக்காவில் யாரிடம் போகிறார், எந்த ஊரில் பிறந்தார் என்பவை இரண்டு பக்கத்திலும் சிதறிக் கிடக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தப் பிறந்த ஊர். 'மார்த்தினிக்' என்று மட்டும் இருந்தால் போதாது. பாஸ்-பொயிந்த், லமாந்தான் என்று கம்யூன் (பிரெஞ்சு ஊராட்சிப் பிரிவு) பெயர் கிடைத்தால் அடுத்த படி எளிது. இன்னொன்று: எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றினார்கள் என்று சொல்வதை நம்ப வேண்டாம். பட்டியல் புறப்பட்ட துறைமுகத்திலேயே கப்பல் கம்பெனி எழுதியது. இங்கே சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

பெற்றோர் பெயருக்கும் வந்த கப்பலுக்கும் மூன்று தாள்கள் நம்பகமானவை. நியூயார்க் நகரில் கல்யாணம் நடந்திருந்தால் அதன் சான்றிதழில் இருவரின் தாய் தகப்பன் பெயரும் இருக்கும். நகராட்சி ஆவணக்காப்பகம் 1949 வரையிலான கல்யாணங்கள், 1948 வரையிலான இறப்புகள் ஆகியவற்றில் பெரும்பகுதியைப் படமாக இலவசமாக ஏற்றியிருக்கிறது. அடுத்தது சமூகப் பாதுகாப்பு எண் விண்ணப்பம், எஸ்எஸ்-5 என்பார்கள். 1936 நவம்பரில் தொடங்கியது. விண்ணப்பித்தவரே தன் பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், பிறந்த ஊர் எழுதியிருப்பார். இதற்குக் கட்டணம் உண்டு, ஆனால் கொடுக்கிற காசுக்கு இதைவிட நல்ல தாள் கிடையாது. மூன்றாவது, குடியுரிமை வாங்காதவர் என்றால் 1940 அந்நியர் பதிவு. 14 வயதுக்கு மேற்பட்ட குடியுரிமையில்லாத எல்லோரும் கைரேகையோடு பதிந்தாக வேண்டியிருந்தது. எந்தக் கப்பலில் எந்தத் தேதியில் வந்தார் என்பதும் அதில் உண்டு.

குடியுரிமை மனு கிடைக்கவில்லை என்றால் வியக்க வேண்டாம். 1923 பிப்ரவரியில் பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர் 'வெள்ளையர்' ஆக மாட்டார், எனவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று தீர்த்தது. 1946 ஜூலையில் லூஸ்-செல்லர் சட்டம் வரும் வரை அதே நிலை. உங்கள் ஆள் எந்த இனமாகப் பதிவானார் என்பதைப் பொறுத்து மனு 1946-க்குப் பிறகு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

லாஸ்பேட்டைவாசி

கெடிலக்கரை சொன்ன வரிசைதான் சரி. கம்யூன் பெயர் கையில் வந்த பிறகு செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் முதல் கேள்வி. கடலூர்க்காரர் பிரெஞ்சுக் கப்பலில் போயிருக்க முடியும். 1848 ஏப்ரலில் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்ததும் தோட்டங்களுக்கு ஆள் பற்றாக்குறை வந்தது. புதுச்சேரியிலிருந்து மார்த்தினிக்குக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ஒரேலி, 1853 மே 6-இல் அந்தத் தீவின் சேன்-பியேரில் சேர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் ஆள் சேர்க்க 1861 ஜூலை 1 உடன்படிக்கையில்தான் பிரான்சுக்கு முறையான அனுமதி கிடைத்தது. அதன் பிறகு தென்னாற்காடு, தஞ்சாவூர் ஜில்லா ஆட்கள் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் வெளிப்படையாகவே ஏறினார்கள். உங்கள் ஆள் 1870களில் போனவர், ஆகவே ஊரை மறைக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. 1861-க்கு முன் போனவரைத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: பதிவில் 'புதுச்சேரி' என்று இருந்தாலும் ஆள் கடலூர் பக்கத்தவராக இருக்கலாம்.

தேட வேண்டிய இடம் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆட்சிப்பகுதி ஆவணக்காப்பகம், சுருக்கமாக ஆனோம். குடிப்பதிவேடுகளை (பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவுகள்) படமாக இலவசமாக ஏற்றியிருக்கிறார்கள், கணக்கு தொடங்கவும் தேவையில்லை. 1776-இல் வந்த ஓர் அரசாணைப்படி குடியேற்றங்களின் பதிவேட்டில் கூடுதலாக ஒரு படி எடுத்து பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். அந்த ஏற்பாடுதான் இன்று கைகொடுக்கிறது. 1902 மே 8-இல் பெலே எரிமலை வெடித்து சேன்-பியேர் நகரமே அழிந்தது, உயிரிழந்தோர் 28,000-க்குக் குறையாது. அங்கிருந்த தாள்கள் போனாலும் பிரான்சுக்கு ஏற்கெனவே போய்விட்ட படி பிழைத்தது.

தளத்தில் பெயரைப் போட்டுத் தேட முடியாது. தீவு, கம்யூன், ஆண்டு தேர்ந்தெடுத்துப் பக்கம் புரட்ட வேண்டும். மார்த்தினிக்கில் இந்தியர் அதிகம் இருந்தது வடக்கே: பாஸ்-பொயிந்த், மக்கூபா, லொரேன், சேன்த்-மரி. ஒவ்வோர் ஆண்டின் கடைசியிலும் அகரவரிசைக் குறிப்பு இருக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுப்புக் குறிப்பும் உண்டு. முதலில் அதைப் பாருங்கள், அதன் பிறகு அந்த எண்ணுள்ள பதிவுக்குப் போங்கள். இல்லாவிட்டால் ஓர் ஆண்டுக்கு இருநூறு பக்கம் புரட்ட நேரும்.

உறை அனுப்பியவரின் பிறப்புப் பதிவு கிடைத்ததும் ஓரக் குறிப்பைப் படியுங்கள். பின்னாளில் நடந்த கல்யாணம், தகப்பன் பிள்ளையை ஏற்றுக்கொண்ட பதிவு இவற்றை எழுத்தர் பக்கத்து ஓரத்தில் சின்ன எழுத்தில் சேர்த்திருப்பார். இது ஏன் முக்கியம் என்றால், தோட்டத்தில் தாலி கட்டி நடந்த கல்யாணம் பிரெஞ்சுச் சட்டத்தில் கல்யாணம் இல்லை. மேயர் அலுவலகத்தில் பதியாவிட்டால் பிள்ளைக்குத் தாயின் பெயர்தான் குடும்பப் பெயர். மினாட்சி என்ற குடும்பப் பெயர் அங்கே இன்றும் இருப்பது இந்த வழியில் வந்ததாக இருக்கலாம். உங்கள் உறையில் முத்துசாமி என்று இருக்கிறது. அப்படியானால் ஒன்று பதிவுக் கல்யாணம் நடந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் மேயர் முன் போய்ப் பிள்ளையைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் ஒரு பதிவு இருந்தே தீரும். அதைத் தேடுங்கள். பிள்ளை பிறந்து பத்தாண்டு கழித்துக்கூட அது நடந்திருக்கலாம், பிறப்பாண்டோடு நிறுத்திவிடாதீர்கள்.

அதிலிருந்து முத்துசாமியின் இறப்புப் பதிவுக்குப் போங்கள். இந்தியத் தொழிலாளியின் பதிவென்றால் பெரும்பாலும் 'இந்தியக் குடியேறி' என்ற சொல், மத்ரிக்கூல் எண், கொண்டுவந்த கப்பல், வேலை செய்த தோட்டம் இவற்றில் சிலவாவது இருக்கும். அந்த மத்ரிக்கூல் எண்ணை நகை மாதிரிப் பத்திரப்படுத்துங்கள். குடியேற்ற அலுவலகம் வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் கொடுத்த எண் அது. அதன் பதிவேட்டில் கப்பல், இறங்கிய நாள், தகப்பன் பெயர், தாய் பெயர், வயது, உயரம், ஜாதி, பிறந்த ஊர், ஒப்பந்தம் எடுத்த தோட்டக்காரர், திரும்பியது அல்லது இறந்தது என்று கட்டங்கள் இருக்கும். ஐந்தாண்டு ஒப்பந்தம், முடிந்தால் ஊர் திரும்பக் கட்டணமில்லாப் பயணம் என்பதால் எண் இல்லாமல் அவர்களால் கணக்கு வைக்க முடியாது. ஃபோர்-த-பிரான்சிலுள்ள மார்த்தினிக் ஆவணக்காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது பெயரின் எல்லா வடிவங்கள், கம்யூன், ஆண்டு வரம்பு, எண் கிடைத்திருந்தால் எண் ஆகியவற்றைப் பிரெஞ்சில் பத்து வரிக்குள் எழுதுங்கள். "எங்கள் முன்னோரைப் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்" என்று எழுதினால் பதில் எழுதுவதற்கு அவர்களுக்கு எந்தப் பிடியும் இருக்காது.

தேதியில் இரண்டு பொறிகள். பிரெஞ்சுப் பதிவுகளில் 7 எழுதிப் பக்கத்தில் பி-ஆர்-இ என்று சின்னதாக இருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். லத்தீனில் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்ற சொற்களிலிருந்து வந்த மாதப் பெயர்கள் அவை. அடுத்தது, பிரெஞ்சில் நாள் முதலில், அமெரிக்கத் தாளில் மாதம் முதலில். 4/7 என்று ஒன்றிலும் 7/4 என்று மற்றதிலும் இருந்தால் இரண்டு பேர் என்று எண்ணி ஒருவரைத் தள்ளிவிடாதீர்கள்.

புதுச்சேரியில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்பீர்கள். லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக்காப்பகத்தின் பதிவு மையம் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியின் நிர்வாகத் தாள்கள் அங்கே உண்டு. ஆனால் ஒரு தனி ஆளின் பெயருக்காக முதலில் அங்கே போவது வீண் அலைச்சல். கப்பல் பெயரும் தேதியும் கிடைத்த பிறகு போனால் கேட்பதற்கு ஒரு விஷயம் இருக்கும்.

பழையநகரத்தான்

இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன பிறகு பத்திரத்தை மறுபடி படித்தேன். முத்துசாமியின் தகப்பனார் பெயரும் கிராமமும் அதில் இருக்கின்றன. கிராமம் பாகூருக்கும் கடலூருக்கும் நடுவில், ஆற்றுக்குத் தெற்கே. குடும்பப் பெயர் என்று எங்களுக்கு எதுவும் கிடையாது. முத்துசாமி என்பது அவர் சொந்தப் பெயர். அது எப்படிப் பேரப்பிள்ளை வரை போனது? ஊர்ப் பெயரை பிரெஞ்சுக்காரர் எப்படி எழுதியிருப்பார்கள்?

காரைக்கால் கீழவெளி

நம் பக்கம் தகப்பன் பெயர் முதலெழுத்தாகி அடுத்த தலைமுறையில் மறைந்துவிடும். பிரெஞ்சுச் சட்டத்துக்குக் குடும்பப் பெயர் ஒன்று வேண்டும். கப்பலேறியவர் சொன்ன ஒற்றைப் பெயரையே அங்கே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். பிள்ளைக்கு ஒரு கிறிஸ்தவ முன்பெயர் கொடுத்தார்கள். ஆகவே தீவில் இன்று குடும்பப் பெயராக இருப்பது இங்கிருந்து போன ஒருவரின் சொந்தப் பெயர். இது உங்களுக்குச் சாதகம். கூடவே ஓர் ஆபத்தும் இருக்கிறது: அந்தக் குடும்பப் பெயருள்ள எல்லோரும் ஒரே முத்துசாமியின் வாரிசு இல்லை. வெவ்வேறு கப்பலில் வந்த வெவ்வேறு முத்துசாமிகள் அத்தனை பேருக்கும் தனித்தனி வம்சம். இணையத்தில் யாரோ போட்டு வைத்திருக்கும் வம்ச மரங்களில் இவர்களை எல்லாம் அண்ணன் தம்பியாக்கியிருந்தால் நகலெடுத்துக்கொள்ளாதீர்கள்.

எழுத்து மாற்றத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. நம் உகரத்தை அவர்கள் ஓ-யு என்று இரண்டெழுத்தால் எழுதுவார்கள். சொல் நடுவே 'ச' வருமிடத்தில் இரட்டை எஸ். கடைசி 'அன்' பல இடங்களில் 'இன்' ஆகும்: வீரப்பன் விராப்பின், நாகப்பன் நாகாப்பின், லட்சுமணன் லாச்சுமானின். கடைசி 'அம்' மூக்கொலியாகி 'ஓன்' அல்லது 'ஓம்' ஆகும்: அருணாசலம் அர்னாசலோன், வைத்திலிங்கம் வைத்திலிங்கோன். இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் இந்தியருக்கு வாக்குரிமையும் பிரெஞ்சுக் குடியுரிமையும் கேட்டு 1904 முதல் 1923 வரை போராடியவர் பெயர் ஆன்ரி சிதாம்பரோம். சிதம்பரம்தான் அப்படி ஆயிற்று. காதால் கேட்டுத் தமிழாக்கிப் பாருங்கள், கண்ணால் பார்த்தால் பிடிபடாது.

ஊர்ப் பெயர் விஷயம். கடலூரை பிரெஞ்சில் கூதலூர் என்பார்கள், எழுத்து ஜி-ஓ-யு-டி-இ-எல்-ஓ-யு-ஆர் (GOUDELOUR). நம் பழைய 'கூடலூர்' தான் அது. அதைப் பார்த்து நீலகிரி கூடலூர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பரங்கிப்பேட்டை என்றால் போர்த்தோ-நோவோ, நாகப்பட்டினம் நெகபத்தாம், பாகூர் பி-ஏ-எச்-ஓ-யு-ஆர். வெறும் 'ஆற்காடு' என்று இருந்தால் வடக்கா தெற்கா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. பக்கத்து வரிகளில் அதே கப்பலில் வந்தவர்களின் ஊர்களைப் பாருங்கள். மேஸ்திரி ஒருவர் ஒரு வட்டாரத்தில் சேர்த்த ஆட்கள் பட்டியலில் அடுத்தடுத்து வருவது வழக்கம். முன்னும் பின்னும் பத்துப் பெயரைக் குறித்துக்கொள்வது அதனால்தான்.

நீங்கள் சொல்லும் கிராமம் எல்லையில் இருக்கிறது. பாகூர் பிரெஞ்சு, அடுத்த வயல் பிரிட்டிஷ். ஆகவே பாகூர் என்று எழுதியிருந்தாலும் ஒதுக்கிவிடாதீர்கள்.

கெடிலக்கரை

தகப்பனார் பெயர் பத்திரத்தில் இருக்கிறது என்பது பெரிய விஷயம். மத்ரிக்கூல் பதிவிலும் தகப்பன் பெயர் உண்டு. இரண்டும் ஒத்து, ஊரும் ஒத்தால் இந்த முத்துசாமிதான் அவர் என்று தைரியமாகச் சொல்லலாம். வயதை வைத்துத் தள்ளாதீர்கள். மருத்துவர் பார்த்து மதிப்பிட்டு எழுதிய வயது, ஐந்தாண்டு வித்தியாசம் சாதாரணம். தகப்பன் பெயர் ஒத்து ஊர் ஒவ்வாவிட்டால் 'இருக்கலாம்' என்று மட்டும் குறித்துக்கொண்டு தாயின் பெயரைத் தேடுங்கள். கடலூர் பிரிட்டிஷ் பகுதி என்பதால் 1850களில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்று இங்கே கிடைக்காது. மெட்ராஸ் மாகாணப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899-இல்தான் வந்தது. பத்திரங்கள்தான் வழி. உங்களிடம் இருப்பது வீட்டுப் படி என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதல் புத்தகத்திலிருந்து சான்றிட்ட நகல் வாங்குங்கள். பத்திர எண், ஆண்டு, தொகுதி, பக்கம் நான்கையும் மனுவில் எழுதினால் வேலை சீக்கிரம் முடியும். சொத்து விவர அட்டவணையையும் நகலெடுக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள நான்கெல்லையில் பங்காளிகள் பெயர் வரும்.

மரபணுச் சோதனையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தாள்கள் ஒத்த பிறகு அமெரிக்கப் பக்கம் உயிரோடிருக்கும் வாரிசு சம்மதித்தால் செய்யலாம். உங்கள் தலைமுறையும் அவர்கள் தலைமுறையும் ஒப்பானால் மூன்றாம் பங்காளி முறை. அந்த உறவில் பகிர்வு சராசரியாக 70 சென்டிமார்கன் (பகிர்ந்த மரபணுத் துண்டுகளை அளக்கும் அலகு) சுற்று வட்டத்தில் வரும், பத்தில் ஒரு ஜோடிக்கு ஒன்றுமே காட்டாமலும் போகும். ஆகவே வீட்டில் அத்தையோ பெரியப்பாவோ இருந்தால் அவர்கள் எச்சிலைக் கொடுப்பது நல்லது. ஒரு தலைமுறை மேலே போனால் பகிர்வு கூடும். நம் குடும்பங்களில் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் தலைமுறை தலைமுறையாக நடந்திருப்பதால் கூட்டுத்தொகை பெரிதாகத் தோன்றும். தளம் 'இரண்டாம் பங்காளி' என்று சொன்னாலும் நம்பாமல் மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்று பாருங்கள். சின்னச் சின்னத் துண்டுகள் நிறைய இருப்பது ஒரே சாதிக்குள் கொண்டு கொடுத்ததைக் காட்டும், முத்துசாமியைக் காட்டாது. இரு பக்கமும் ஆண் வழி அறுபடாமல் வந்திருந்தால் ஒய் குரோமோசோம் சோதனை 37 குறியீட்டு அளவில் செய்யலாம். அண்ணன் வழியும் தம்பி வழியும் ஒத்திருக்க வேண்டும். அமெரிக்கப் பக்கம் தாயின் பெயரில் வந்த கிளை ஒன்று நடுவில் இருந்தால் அந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை, ஓரக் குறிப்பைப் படித்து முடித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உறையின் தெருப்பெயரையும் கதவு எண்ணையும் இங்கே போட வேண்டாம். அந்த வீட்டில் இன்று வேறு யாரோ இருப்பார்கள். 1925 கணக்கெடுப்பில் பக்கம் கிடைத்ததும் வயது, பிறந்த நாடு, எத்தனை ஆண்டு என்ற மூன்று கட்டத்தை மட்டும் எழுதுங்கள், கப்பல் பட்டியலை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது என்று பார்க்கலாம்.